கடைசிப் பாட்டு மூன்றாவதாக வந்த நாள்

அந்த அல்பத்தின் பெயர் எங்களுக்குத் தெரியாது. பாடியவர்களின் பெயரும் தெரியாது. ஒன்பது பாட்டு, மொத்தம் நாற்பத்தேழு நிமிடம், நாலு ஆட்கள். நாலு என்பதும் நாங்களாகப் போட்ட கணக்குத்தான்: ஒரு குரல், இரண்டு கிற்றார், ஒரு ட்ரம்ஸ். இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு நானும் ராத்தாவும் மூன்று வருடம் அவர்களின் தீவிர ரசிகர்களாக இருந்தோம். இன்று பெயரெல்லாம் தெரிந்த பிறகும் அப்போதுபோல யாருக்கும் ரசிகனாக என்னால் இருக்க முடியவில்லை.

நாட்டில் சண்டை முடிந்து ஓரிரு வருடங்களில் வாப்பா தன்னுடைய பழைய போனை ராத்தாவிடம் கொடுத்தார். அவள் என்னைவிட இரண்டு வயது மூத்தவள். சனிக்கிழமைகளில் மாம்புரியிலிருந்து புத்தளம் டவுனுக்கு இருவரும் டியூஷனுக்குப் போவோம். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஒரு கம்யூனிகேஷன் கடைக்குள் நுழைந்து, மெமரி கார்டை நீட்டி, தமிழ்ப் படப் பாட்டு போடச் சொன்னாள். கடைக்காரர் போட்டார். கார்டில் இடம் மிச்சம் இருந்தது.

"மிச்சத்துக்கு இங்கிலீஷ் போட்டு விடவா தங்கச்சி? கண்டக்குழிப் பக்கம் வந்த ஒரு வெள்ளக்காரன் கமரா போட்டோவ கொப்பி பண்ண வந்து கம்பியூட்டர்ல விட்டுட்டுப் போன பாட்டு கொஞ்சம் இரிக்கி. கார்ட்ட சும்மா வெறுமையா விடப்படா."

"போடுங்க நானா," என்று அண்ணன் முறை வைத்துச் சொன்னாள் ராத்தா. இலவசமாக வரும் எதையும் அவள் மறுத்ததில்லை.

பாட்டுகளின் சொந்தப் பெயர்களை அழித்துவிட்டு, தன் கடைப் பெயரையும் ஒரு எண்ணையும் போடுவது அவர் வழக்கம். அதுதான் அவருக்கு விளம்பரம். ஆகவே எங்களிடம் வந்து சேர்ந்த பாட்டுகளுக்கு அவருடைய கடைப் பெயரும் ஒன்று, கடைப் பெயரும் இரண்டு, அப்படியே ஒன்பது வரை எண்ணும்தான் பெயர். தமிழ்ப் பாட்டுகள் ஒரு மாதத்தில் அலுத்துப்போயின. இந்த ஒன்பதும் அலுக்கவில்லை. முதலில் சத்தமாக இருந்தது, பிறகு ஆளைப் பிடித்துக்கொண்டது.

எண்ணைச் சொல்லிப் பாட்டைக் கூப்பிட முடியாதே, அதனால் நாங்களே பெயர் வைத்தோம். முதல் பாட்டு 'மணல் லொறி'. இரண்டே நிமிடம். பின்பக்கத்தைத் தூக்கி மணலைக் கொட்டும் லொறி மாதிரி ட்ரம்ஸ். பாடுகிறவனுக்கு யார்மீதோ கோபம், அதைச் சொல்லிவிட்டுக் கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போகிறான். இரண்டாவது 'பஸ் போயிட்டுது'. நாலாவதன் நடுவில் மூன்று செக்கனுக்கு எல்லாச் சத்தமும் நிற்கும், பிறகு பழையபடி பாய்ந்து வரும். அதற்குப் பெயர் 'கரண்ட் கட்'. அந்த மூன்று செக்கனும் ராத்தா கையை உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் சிரித்தால் குட்டு விழும். ஆறாவது 'காற்றாலை'. எங்கள் ஊர்க் கரையில் நிற்கும் பெரிய காற்றாடிகள் போல, அவசரமே இல்லாமல் ஒரு கிற்றார் சுற்றிச் சுற்றி வரும்.

ஒன்பதாவதற்கு நாங்கள் வைத்த பெயர் 'கடைசிப் பாட்டு'. அவ்வளவுதான். அதற்கு மேல் பெயர் வைக்க மனம் வரவில்லை. பத்து நிமிடத்துக்கு இருபது செக்கன் குறைவு. ஒற்றைக் கம்பியில் தொடங்கும். அவன் பாடுகிறானா கதைக்கிறானா என்று தெரியாது. நடுவில் எல்லாம் ஓய்ந்து குரல் மட்டும் தனியே நிற்கும். பிறகு ஒவ்வொரு வாத்தியமாக வந்து அவன் பக்கத்தில் உட்காரும். ஆங்கிலத்தில் எங்களுக்குப் பாதிதான் விளங்கியது: கதவு, விளக்கு, உம்மா, ரோட்டு. அந்தப் பாதியை வைத்து மீதியை நாங்கள் கட்டினோம். வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டு போனவன் பஸ்ஸை விடுகிறான், ஊர் ஊராக அலைகிறான், கடைசிப் பாட்டில் வீட்டுக்குத் திரும்பி வந்து வாசற்படியில் உட்காருகிறான். உள்ளே விளக்கு எரிகிறது.

"தட்டுறானா இல்லையா?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"தட்டத் தேவையில்ல. உள்ள இரிக்கிற ஆளுக்கு வந்தது தெரியும்," என்றாள் ராத்தா, ஏதோ தானே எழுதிய பாட்டுப் போல.

பிறகு வேறு பாட்டுக்காரர்களும் எங்கள் கார்டில் வந்து சேர்ந்தார்கள். சிறுவயதிலிருந்தே இருமல் உள்ளவள் போலப் பாடும் ஒரு பெண். அவள் காதலன் போனதைச் சொன்னால் போனவன்மீது எங்களுக்கே கோபம் வரும். கைதட்டலையே தாளமாக வைத்துக்கொண்ட பொப் பையன்கள் ஐந்து பேர். அவர்களைப் பிடிக்கும் என்று வெளியே சொல்ல எனக்கு வெட்கம், ராத்தாவுக்கு வெட்கமே இல்லை. என் இரசாயனவியல் கொப்பியின் பின்பக்கத்தில் வாராவாரம் முதல் பத்துப் பாட்டுகளின் பட்டியல் போட்டோம். இரண்டாம் இடத்துக்கு அடிபிடி நடக்கும். முதலிடத்தில் 'கடைசிப் பாட்டை' எழுதிவிட்டுத்தான் எப்போதும் பட்டியலைத் தொடங்குவோம்.

பிறகு ராத்தாவுக்குக் கலியாணம் பேசி வந்தார்கள்.

வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து கையில் அகப்பட்டதோடு வந்தவர்கள். நாங்கள் இரண்டு பேரும் பிறந்தது இங்கே. சண்டை முடிந்ததும் சொந்தக்காரர்கள் சிலர் திரும்பிப் போய்க் காட்டை வெட்டி வீடு கட்டினார்கள். மாப்பிள்ளை வீடு அப்படிப்பட்டது. மாப்பிள்ளை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறார். அவருடைய உம்மா எங்கள் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்து, வட்டிலப்பத்தை ஒரு கரண்டி எடுத்துவிட்டு, என் உம்மாவைப் பார்த்துக் கேட்டா:

"இந்தக் காலத்துப் பிள்ளைகள்... பாட்டுக் கீட்டுக் கேக்குற பழக்கம் ஒண்டும் இல்லையே?"

"எங்கட மகளா?" என்றா உம்மா. "ஓதுவா, படிப்பா. வேற ஒண்டும் தெரியா."

திரைச்சீலைக்குப் பின்னால் நின்ற ராத்தா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

கலியாணம் நிச்சயமாகிச் சில கிழமை கழித்து ஒரு பின்னேரம் கிணற்றடியில் அவள் கேட்டாள்: "அங்க போனா கேக்க ஏலாதாடா?"

"மாப்பிள்ளைட்ட கேட்டுப் பாரேன்."

"என்னெண்டு கேக்குற? அந்தாள் என்னோட நாலு தடவ கதைச்சிருக்காரு. நாலு தடவையும் அங்க வெயில் எப்பிடி எண்டு சொன்னாரு. அஞ்சாந்தடவ நான் போய், ட்ரம்ஸ் பிடிக்குமா எண்டு கேக்கவா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் பட்டியல் போடவில்லை. போடுவோமா என்று கேட்டதற்கு, "இனி நீ தனியப் போட்டுப் பழகு," என்றாள். அவளுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. போகும் ஊர்மீதும் பயம் இல்லை. ஒளித்து ஒளித்துக் கேட்கிறவளாக மாற வேண்டி வருமோ என்பதுதான் அவள் பயம். ஒளித்துக் கேட்பதானால் கேட்காமலே விட்டுவிடுவாள். அவள் அப்படிப்பட்டவள்.

நான் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டுக் கண்டக்குழியில் ஒரு லொட்ஜில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். காற்றுக் காலத்தில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு கடலில் சறுக்க வெள்ளைக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்குச் சாப்பாட்டு மேசை வைப்பது என் வேலை. கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, கோப்பைகளை அடுக்கிக்கொண்டே நான் 'கடைசிப் பாட்டை' விசிலடித்தேன். தலை நிறைய உப்போடு வந்த ஒருவர் அப்படியே நின்றார். மீதியை அவர் விசிலடித்தார்.

அன்றைக்குத்தான் எல்லாம் தெரிய வந்தது. அவர் போனில் அல்பத்தின் அட்டைப்படத்தைக் காட்டினார். நாலு பேர் இல்லை, மூன்று பேர். மணல் கொட்டிய அந்த ட்ரம்ஸ்காரர் ஒரு பெண்! ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, நூலகத்தில் வேலை செய்பவள் போல இருந்தாள். பாட்டுகளுக்கு உண்மையான பெயர்கள் இருந்தன. எல்லாவற்றையும்விட, வரிசை வேறாக இருந்தது. தொடக்கம் 'காற்றாலை'. அடுத்தது 'பஸ் போயிட்டுது'. எங்கள் 'கடைசிப் பாட்டு' மூன்றாவது. கடைசியில் நின்றதோ 'மணல் லொறி'. கடைக்காரர் கலைத்துப் போட்டுவிட்டார், மூன்று வருடம் ஒரு கதையைத் தலைகீழாகக் கேட்டிருக்கிறோம் என்று நினைத்தேன்.

எனக்குக் கவலையே வரவில்லை. கொண்டாட்டம்தான் வந்தது. அவரிடம் கெஞ்சி அல்பம் முழுவதையும் சரியான வரிசையில் ஒரு பென்ட்ரைவில் வாங்கி, அதன் பின்னால் எங்கள் மற்றப் பாட்டுகளையும் சேர்த்தேன். ராத்தாவுக்குக் கலியாணப் பரிசு! மற்றவர்கள் ஃபேனும் சாப்பாட்டுக் கோப்பை செட்டும் கொடுக்கட்டும். நான் உண்மையைக் கொடுக்கப்போகிறேன்.

நிக்காஹ் முடிந்து, லுஹர் தொழுது, சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். வீட்டார் எல்லாரும் பின்னால் பஸ்ஸில் வந்தார்கள். வேனில் டிரைவரும் நானும் முன்னால், மாப்பிள்ளையும் ராத்தாவும் நடுவில், மாப்பிள்ளையின் உம்மா பின் சீற்றில் முழுதாகச் சாய்ந்துகொண்டு. அவரை நான் மாமி என்று கூப்பிடத் தொடங்கியிருந்தேன். புத்தளம் வரை டிரைவரின் படப் பாட்டு. புத்தளத்தில் மாமி, "இண்டைய நாளைக்கு இது தேவையா, ஒரு பயானப் போடுங்க," என்றா. எழுவன்குளம் தாண்டியும் அந்த மார்க்க உரைதான். பாலத்தைத் தாண்டி, காட்டுக்குள் ரோட்டு கிரவலானதும் பயான் முடிந்தது. என் போன் அதிர்ந்தது. ராத்தாவின் எஸ்.எம்.எஸ்.

"போடு."

கலியாணப் பெண் வாய் திறக்கக் கூடாது. காலையிலிருந்து அவள் யாரோடும் ஒரு சொல் கதைக்கவில்லை. ஆனால் முந்தானைக்குள் விரல் வேலை செய்துகொண்டிருந்தது. மாமி கேட்கிற இடத்தில், புருசன் பக்கத்தில் இருக்கையில், எங்கள் பாட்டை வெளிப்படையாக ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது என்று முடிவெடுத்திருக்கிறாள் என்று விளங்கியது. என்ன நடக்கிறதோ அதுதான் இனி அந்த வீட்டில் நடக்கும்.

பென்ட்ரைவைச் செருகினேன். 'காற்றாலை' சுற்றத் தொடங்கியது.

"தம்பி, எஞ்சின்ல சத்தம் வருதெண்டு பயந்திட்டன்," என்றார் டிரைவர்.

எஸ்.எம்.எஸ்: "ஏன் ஆறுல இருந்து?"

நான் எழுதினேன்: "பொறு. அதிசயம் இரிக்கி."

'பஸ் போயிட்டுது' வந்தது. எஸ்.எம்.எஸ்: "என்னடா செய்ற?" நான் பதில் எழுதவில்லை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று கண்ணாடியைத் திருப்பினேன். மூன்றாவதாக அந்த ஒற்றைக் கம்பி ஒலித்தது.

"டேய்! பிழைடா இது!"

வேனில் எல்லாரும் திடுக்கிட்டார்கள். டிரைவர் பிரேக்கைத் தொட்டே விட்டார். மாமி எழுந்து உட்கார்ந்தா. கலியாணப் பெண்ணின் முதல் வசனம் அதுதான்.

"பிழையில்ல ராத்தா, இதுதான் சரி! அல்பத்திலயே இப்பிடித்தான் இரிக்கி. கண்டக்குழில ஒரு ஆள்கிட்ட வாங்கினன். மணல் லொறிதான் கடைசி!"

"அப்ப இவன் வீட்ட வந்திட்டு, கடைசில சண்டை பிடிச்சிட்டுத் திரும்பப் போறானா?"

"ஓம். அதான் உண்மையான கதை."

"எனக்கு வாணா அந்தக் கதை," என்றாள். "இண்டைக்கு வாணா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எதைக் கொண்டுவந்து யாரிடம் எந்த நாளில் கொடுத்தேன் என்று. பாட்டை நிறுத்தினேன். கிரவல் கல் சக்கரத்தில் படும் சத்தம் மட்டும்.

"என்ன நடக்குது?" என்றார் மாப்பிள்ளை, இனி எனக்கு மச்சான். அவருக்கு என்னிடமா அவளிடமா கேட்பது என்று தெரியவில்லை. இடையில் பொதுவாகக் கேட்டார்.

மறைக்க இனி ஒன்றும் இல்லை என்று ராத்தா நினைத்திருக்க வேண்டும். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவர் பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொன்னாள். கடை, கார்ட், மூன்று வருடம், எங்கள் வரிசை, வாசற்படி, விளக்கு. அவள் வேகமாகக் கதைப்பவள். அவரோ வெயிலைப் பற்றிக் கதைப்பவர். மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, "பாட்டுக் கேக்கமாட்டேன் எண்டு உம்மா சொன்னது பொய்," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

பின்னால் மாமி யன்னல் கண்ணாடியை இழுத்து மூடினா. அது நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவில்லை.

மச்சான் முன்னால் குனிந்தார். பிறகு என்னிடம், "தம்பி, உங்கட வரிசைப்படி ஒவ்வொரு பாட்டும் எத்தன நிமிஷம்?" என்றார்.

அதையா கேட்கிறார்? எனக்கு அது மனப்பாடம். "ரெண்டு அஞ்சு, ரெண்டு அம்பது, மூண்டு நாப்பது, நாலேகால், அஞ்சு, அஞ்சு நாப்பது, ஆறரை, ஏழு இருவது, ஒம்பது நாப்பது."

"ஏறுவரிசை," என்றார்.

"என்ன?"

"சின்னதுல இருந்து பெரிசு. அந்தக் கடைக்காரர் கலைக்கல்ல, அளவு பாத்து அடுக்கியிருக்காரு. சின்னத முதல்ல போட்டாத்தானே கார்ட்டுல நெறையப் பிடிக்கும்." கரும்பலகையில் விடை எழுதியது போல முகம் மலர்ந்தது. "அப்ப உங்கட வரிசைய சும்மா பிழை எண்டு சொல்லப்படா. அதுக்கும் ஒரு விதி இரிக்கி."

மூன்று வருடம் மனப்பாடமாக வைத்திருந்தும் எங்கள் இரண்டு பேருக்கும் அது கண்ணில் படவே இல்லை. ராத்தா அவரை முதல்தடவை பார்ப்பது போலப் பார்த்தாள்.

"அப்ப முதல்ல இருந்து போடுங்க," என்றார் அவர். "ஏறுவரிசைல."

நான் செட்டின் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் அடுத்ததைத் தேடித் தேடிப் போட்டேன். பள்ளத்தில் வேன் குலுங்கும்போது விரல் தவறி இருமல்காரி ஒருமுறை வந்து போனாள். 'மணல் லொறி' முடிந்ததும், "இதுக்கு இதான் பொருத்தமான ரோட்டு," என்றார் டிரைவர். மாமி கேட்டா:

"இன்னும் எத்தன இரிக்கி மகன்?"

"எட்டு, மாமி."

"யா அல்லாஹ்," என்று சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டா. நாலாவது பாட்டில் சத்தம் நின்றதும் விழித்து, "வந்திட்டமா?" என்றா. கையை உயர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த ராத்தாவுக்குச் சிரிப்பு வெடித்தது. மச்சான் அவளுடைய கையைப் பார்த்து, எதற்கென்று தெரியாமலே தன் கையையும் பாதி உயர்த்தியிருந்தார்.

காடு முடிந்து வீடுகள் தெரிந்தபோது 'கடைசிப் பாட்டு' தொடங்கியது. கூரை போட்டும் பூசாத வீடுகள், அடுக்கிய கல், இளம் தென்னங்கன்றுகள். மாப்பிள்ளை வீட்டு வாசலில் சனம். வேன் நின்றது. பாட்டில் குரல் மட்டும் தனியே நின்ற இடம் அது. அந்த நேரம் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

பாங்கு சொன்னால் பாட்டை நிறுத்த வேண்டும். எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நிறுத்தினேன். எல்லாரும் தலை குனிந்து இருந்தோம். பாங்கு முடிந்தது. மாமி துஆவை ஓதி, கதவைத் திறந்து இறங்கி, சனத்தோடு போய்ச் சேர்ந்தா. டிரைவரும் இறங்கினார். மச்சான் ஒரு காலை வெளியே வைத்தார்.

என் விரல் பொத்தானில் இருந்தது. அழுத்த எனக்குத் தைரியம் வரவில்லை. அழுத்து என்று ராத்தா சொல்லவும் இல்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு, இறங்குவதற்குச் செருப்பைத் தேடினாள். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

"எவ்வளவு மிச்சம் தம்பி?" என்றார் மச்சான்.

"நாலு நிமிஷம்."

அவர் வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தார். கதவை இழுத்துச் சாத்தினார். "போடுங்க," என்றார்.

போட்டேன். முதலில் ஒரு கிற்றார் வந்து அந்தக் குரலின் பக்கத்தில் உட்கார்ந்தது. வெளியே யாரோ கண்ணாடியில் தட்டி, ஏன் இறங்கவில்லை என்று கையால் கேட்டார்கள். மச்சான் அவர்களுக்கு நாலு விரலைக் காட்டினார்.